காத்து மேல கேஸ் போடு

தங்கப்பழம் வீட்டுக்கு போன் லைன் இழுத்த பிள்ளை நீதானேன்னு கேக்கீங்களே, அதை உங்களுக்கு யாருக்கா சொன்னா? அவரேவா? அந்த ஆளு வாயாலயா? "ஆடிக் காத்துல தெருவுல இருந்த லைன் பூரா விழுந்துச்சு, என் வீட்டு லைன் மட்டும் நின்னுச்சு, அந்தப் பிள்ளையையே கூப்பிட்டுப் போடுங்க"ன்னா?

வயிறு எரியுதுக்கா. சத்தியமாச் சொல்லுதேன். அந்த ஆளு நல்லா இருக்கணும்னு நான் அந்த லைனைப் போடல. பழிவாங்கப் போட்டது. அதைப் போய் ஊர்ல மெச்சிக்கிட்டுத் திரியுதாராக்கும்.

நீங்க உங்க லைனைக் கொய்யா மரத்துல கட்டிட்டுப் போன்னு சொன்னீங்க. நான் சுவத்துல ஓட்டை போட்டுத்தான் மாட்டுவேன்னு சொன்னேன். புது பெயிண்டுன்னு மூஞ்சியைத் தூக்கிட்டீங்க. ஆனா காபி கொடுத்துட்டீங்க. சரி, இந்தக் காபி தீருற வரைக்கும் சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, மரமா, சுவரான்னு.

என் பேரு ஜெனோவா. பதினெட்டு நடக்கு. பிளஸ் ஒன் பாதியில பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவுக்கு அடிபட்டதால பிள்ளை படிப்பை விட்டுட்டுன்னு ஊர்ல பேசுவாங்க. அது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசி கணக்குப் பாடம். எனக்குப் பொய் சொல்ல வராது.

எங்கம்மா மீன் விக்கிறவ. கூட்டப்புளிக் கடற்கரையில விடியக்காலம் மீன் எடுத்து, எக்ஸெல் வண்டியில பெட்டியைக் கட்டி, ஏழு மணிக்கெல்லாம் நம்ம பணகுடிக்கு வந்திருவா. அவ கூவுறதை நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, நீங்க போன வருஷம்தானே இந்த ஊருக்கு வந்தீங்க. "சாளேய்... நெத்திலியேய்..."ன்னு ஒரு இழுப்பு இழுப்பா பாருங்க, முதல்ல பூனைங்க வரும், அப்புறம்தான் பொம்பளைங்க சட்டியோட வருவாங்க. பள்ளிக்கூடம் வரைக்கும் கேக்கும். வகுப்புல பிள்ளைங்க என்னைத் திரும்பிப் பாத்து மூக்கைப் பிடிப்பாளுக. எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னும். பள்ளிக்கூடத் தெருவுல மட்டும் கூவாதம்மான்னு நானே சொல்லியிருக்கேன். அதுக்கு அவ, "மீனுக்கு வாய் இல்லைட்டீ, நான்தான் கூவணும்"னா.

சொன்னேன்ல, சொல்லியிருக்கேன்னு. அதை நினைச்சா... சரி, விடுங்க.

மூணு வருஷத்துக்கு முந்தி, ஆடி மாசம். நம்ம ஊர்க் காத்து உங்களுக்குத் தெரியுமே. மலை இடுக்கு வழியா வாரது. ஊரைச் சுத்திக் காத்தாடி நட்டு வெச்சிருக்கான்னா சும்மாவா? தங்கப்பழம் அப்பத்தான் கீழத்தெருவுல வீட்டை முடிச்சிருந்தாரு. அவருன்னு சொல்ல எனக்கு வாய் வரல, அந்த ஆளுன்னே சொல்லுதேன், கோவிக்காதீங்க. முன்பக்கம் எலிவேஷன் வேலைக்குக் கேரளாவுல இருந்து ஆள் கூட்டியாந்த வீடு. உச்சியில சிமெண்டு எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். "தங்கப்பழம் இல்லம்". அதுக்குத் தங்கக் கலர் பெயிண்டு வேற.

போன் லைன் போட வந்தவங்க சுவத்துல கொக்கி அடிக்கணும்னு சொல்லியிருக்காங்க. என் சுவத்துல ஆணி இறங்குனா உங்க கையில ஆணி இறங்கும்னு அந்த ஆளு சொன்னாராம். அவங்களும் நமக்கென்னன்னு, காம்பவுண்டுக்கு உள்ள நின்ன முருங்கை மரத்துல கட்டிட்டுப் போயிட்டாங்க.

அக்கா, முருங்கை மரம். வேற ஏதாவது மரம்னாலும் பரவாயில்லை. நாலு காய் கூடக் காய்ச்சா தன்னால ஒடியுற மரம். அதுல கட்டி, தெருவுக்குக் குறுக்கா எதிர்ப்பக்கக் கம்பத்துக்கு இழுத்திருந்தாங்க.

ஆடி ரெண்டாம் வாரம் கொப்பு முறிஞ்சு தொங்கிட்டு. ஒயரு அறுந்து விழல, அதுதான் சனியன். விழுந்திருந்தா கண்ணுக்குத் தெரியும். கொப்போட சேந்து இறங்கி, தெருவுக்கு நடுவுல கழுத்து மட்டத்துல நின்னுச்சு. முந்தின நாள் சாயங்காலமே ரெண்டு பேரு கதவைத் தட்டிச் சொல்லியிருக்காங்க. அண்ணாச்சி, ஒயரு தணிஞ்சு கிடக்கு, யாராவது மாட்டிக்கிடுவாங்கன்னு. அதுக்கு அந்த ஆளு, "போன் பேசுது. அப்புறம் என்னடே?"ன்னு கேட்டிருக்காரு.

காலையில எங்கம்மா வந்தா. இடதுகைப் பக்கம் ஒரு வீட்டு வாசல்ல யாரோ "ஏ மீனு"ன்னு கூப்பிட்டாங்களாம். கூவிக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பினா. "சாளே"ன்னு ஆரம்பிச்சவ "ய்" சொல்லல.

குரல்வளை நசுங்கிட்டு. ஒண்ணரை மாசம் நாகர்கோவில்ல ஆஸ்பத்திரி. உசிரு வந்துட்டு, குரல் வரல. இன்னைக்கும் காத்து மாதிரிதான் பேசுவா. பக்கத்துல காதை வெச்சாத்தான் வார்த்தை தெரியும். கழுத்தைச் சுத்தி ஒரு கோடு, கறுப்புக் கயிறு கட்டின மாதிரி. அதை மறைக்க எப்பவும் ஒரு துண்டு. வண்டியில ரப்பர் ஹாரன் ஒண்ணு மாட்டிக்கிட்டா. பாம் பாம்னு அமுக்குனா மீன் வந்துட்டுன்னு அர்த்தம். இப்பப் பூனைங்க அதுக்கும் பழகிட்டு. நான்தான் பழகல.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போனேன். அப்பா கேரளாப் பக்கம் விசைப்படகுல இருந்தாரு, வர முடியல. எனக்குப் பதினஞ்சு வயசு. போன்காரங்க, நாங்க சுவத்துலதான் மாட்டணும்னு சொன்னோம், வீட்டுக்காரர் விடலைன்னாங்க. ஏட்டு அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிச்சாரு. வெள்ளை வேட்டியில வந்து பெஞ்சில உக்காந்துக்கிட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "கொப்பை நானா ஒடிச்சேன்? காத்து ஒடிச்சுது. காத்து மேல கேஸ் போடச் சொல்லு."

ஏட்டு சிரிச்சாரு. பக்கத்துல எழுதிக்கிட்டிருந்தவரும் சிரிச்சாரு. ஒரு நிமிஷம், சத்தியமா, எனக்கே சிரிப்பு வந்துட்டு. சொன்ன விதம் அப்படி. வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னு, சிரிச்சதுக்காக என் கன்னத்துல நானே ஒண்ணு வெச்சேன். அன்னைக்கு முடிவு பண்ணினதுதான். அந்த வீட்டு லைனு என் கைக்கு வரணும்.

எப்படி வரும்? லைன் போடுற வேலைக்குப் போனாத்தான் வரும். அவ்வளவுதான் என் மூளை. நேரா செல்வின் அண்ணன்கிட்டப் போனேன். இந்தப் பக்கத்துக்குப் போன் லைன் காண்டிராக்டு அந்த அண்ணன்தான். "பொம்பளப் பிள்ளை ஏணி ஏறுமாடீ?"ன்னு கேட்டாரு. ஏணிகிட்டக் கேளுங்கண்ணன்னு சொல்லிட்டு ஏறிட்டேன். சுடிதார் கிழிஞ்சது. இருந்தாலும் ஏறிட்டேன்.

வேலை எனக்கு லேசா வந்துட்டு. கணக்கு வராத எனக்கு இது வந்துச்சு. ஒயரை ரொம்ப இழுத்துக் கட்டினா காத்துல தெறிக்கும், ரொம்பத் தொங்கவிட்டா எவன் தலையிலயாவது மாட்டும். வைக்கோல் லாரி கீழ போனாலும் தட்டாத உசரம் வேணும். கரண்டு கம்பிகிட்டப் போகவே கூடாது. பட்டையான ஒயரை நீட்டா அப்படியே கட்டினா காத்துக்கு விசில் மாதிரி ஊளையிடும், அதனால வழியில நாலு முறுக்கு முறுக்கி விடணும். வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னால கீழ்ப்பக்கமா ஒரு தொங்கல் விடணும், மழைத்தண்ணி சுவத்துக்குள்ள போகாம அங்கேயே சொட்டிரும்.

எல்லாத்துலயும் முக்கியமானது ஆப்பு. சிரிக்காதீங்க. எங்க வேலையில அதுக்குப் பேரே அதுதான். கொக்கியில ஒரு சின்னத் தகரக் கூடு தொங்கும். அதுக்குள்ள ஒயரை வெச்சு, மேல ஒரு ஆப்பை இறக்கணும். காத்து எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுக்கு ஆப்பு இறுகும். இழுக்க இழுக்கப் பிடிக்கும். ஆனா அதையே தலைமாத்தி வெச்சீங்கன்னா, கீழ இருந்து பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, இழுக்க இழுக்க நழுவும். செல்வின் அண்ணன் மூணு தடவை சொன்னாரு, மாத்தி வெச்சிராதேன்னு. எனக்கு முதல் தடவையே மனசுல பதிஞ்சுட்டு. மாத்தி வெக்கக் கூடாதுங்கிறது இல்லை. மாத்தி வெக்கலாம்ங்கிறது.

ஒண்ணரை வருஷம் காத்திருந்தேன். போன ஆடிக்கு முந்தி, ஒருநாள் வேலைச் சீட்டுல பேரு வந்துட்டு. தங்கப்பழம், கீழத்தெரு. மகன் வெளிநாட்டுல இருக்கான், முகம் பாத்துப் பேசணுமாம், புது லைன் வேணுமாம். மத்த சீட்டுகளை எல்லாம் கீழ வெச்சிட்டு அதை மட்டும் எடுத்தேன். செல்வின் அண்ணன் என் மூஞ்சியைப் பாத்தாரு. "யம்மா, வேலையை மட்டும் பாத்துட்டு வா"ன்னாரு.

அண்ணன் கம்பத்துப் பக்கத்து வேலையை முடிச்சுக் கொடுத்துட்டு அடுத்த தெருவுக்குப் போயிட்டாரு. வீட்டுப் பக்கம் நான் மட்டும்.

அந்த ஆளு வெளிய வந்தாரு. நெஞ்சு வரைக்கும் வேட்டி. "ஏ பாப்பா, நீயா ஏறப் போற? ஆம்பளையாளு ஒருத்தனும் வரலையா?"

"வந்தவரு போயிட்டாரு அண்ணாச்சி. நான்தான் மிச்சம்."

என்னைத் தெரியல அந்த ஆளுக்கு. ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் எதிர்ல நின்னவ நான். என் மூஞ்சி எங்கம்மா மூஞ்சி, எல்லாரும் சொல்லுவாங்க. கொஞ்சங்கூடத் தெரியல. அதுவே எனக்குப் பாதி வெறி ஏத்திட்டு.

"சுவத்துல கொக்கி அடிக்கணும்"னேன்.

"கைய வெட்டிருவேன். எலிவேஷனைப் பாத்தியா? இந்தா, இந்த முருங்கையில கட்டு. முந்தியும் இதுலதான் கட்டியிருந்துச்சு. ஒண்ணும் ஆகலையே."

அதே மரம். முறிஞ்ச இடத்துல நாலு கொப்பு விட்டுத் தழைச்சு நின்னுச்சு.

"ஒண்ணும் ஆகலையா அண்ணாச்சி?"

"என்ன ஆகும்? ஒருதடவை கொப்பு ஒடிஞ்சுது. மீன்காரி ஒருத்தி வண்டியைக் கொண்டாந்து மாட்டிக்கிட்டா. கண்ணு தெரியாம ஓட்டினா மரம் என்ன செய்யும்?"

"அவ பேரு என்ன அண்ணாச்சி?"

அந்த ஆளு என்னை விசித்திரமாப் பாத்தாரு. "மீன்காரிக்குப் பேரா? மீன்காரிதான்."

அக்கா, கேட்டீங்கல்லா? தன் பேரை முழம் முழமா உச்சியில ஒட்டி வெச்சிருக்கிற ஆளு. எங்கம்மா இருபது வருஷம் அந்தத் தெருவுக்கு மீன் கொடுத்திருக்கா.

சரிங்க அண்ணாச்சி, மரத்துலயே கட்டிருதேன்னு சொன்னேன். ஏறினேன். கட்டினேன். ஆப்பைத் தலைமாத்தி வெச்சேன். கேட்டுக்கு வெளிய அந்த ஆளோட புதுக் காரு மூக்கை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஒயரு அதுக்கு மேலதான் போகுது. ரெண்டு நாள் காத்து போதும். காத்து இழுக்கும், ஒயரு நழுவும், கொப்பு ஆடும், எல்லாமாச் சேந்து அந்தக் காரு மேல, முடிஞ்சா அந்தத் தலை மேல இறங்கும். அப்ப ஸ்டேஷன்ல போய்க் காத்து மேல கேஸ் கொடுக்கட்டும். இதான் என் திட்டம். தெருவுல வேற ஆளு நடக்கும், வண்டி போகும்னு நான் யோசிக்கலையான்னு கேக்காதீங்க. யோசிக்கல. எனக்கு அந்த ஆளு தலை மட்டும்தான் தெரிஞ்சுது.

கீழ இறங்கினதும் அந்த ஆளு ஒரு சொம்பு மோர் கொடுத்தாரு. குடிச்சேன். பழிவாங்க வந்தவளுக்கும் தாகம் எடுக்கும்லா? மோர் நல்லா இருந்துச்சு, இஞ்சி தட்டிப் போட்டு. எனக்கு அதுவும் ஆத்திரமா இருந்துச்சு.

வீட்டுக்குள்ள நெட் பெட்டியை மாட்டிட்டு வெளிய வாரேன், தெருமுனையில பாம் பாம்.

ரெண்டு வருஷமா அந்தத் தெருவுக்குள்ள எங்கம்மா வண்டி நுழைஞ்சதே இல்லை. கோயிலைச் சுத்தி, குளத்தங்கரை வழியாப் போவா. அன்னைக்கு வாரா. செல்வின் அண்ணன் அடுத்த தெருவுல பாத்து, உம்ம மகள் தங்கப்பழம் வீட்டுல ஏணி மேல நிக்கான்னு சொல்லிட்டாரு. எங்கம்மாவுக்கு என்னைப் பத்தித் தெரியும். அதான் வந்துட்டா. வீட்டுக்கு ரெண்டு வாசல் தள்ளி வண்டியை நிறுத்தினா.

ஹாரன் சத்தம் கேட்டு அந்த ஆளு சட்டியோட போறாரு. "என்ன மீனு?"

அம்மா அந்த ஆளு மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வாயை அசைச்சா.

"என்ன? சத்தமாச் சொல்லு."

அம்மா திரும்பச் சொன்னா. நான் கேட்டுக்குப் பக்கத்துல நின்னேன், அவ வாயை எனக்குப் படிக்கத் தெரியும். மீன் பேரைச் சொல்லலைக்கா. "அமலோற்பவம்"னு சொன்னா. அது அவ பேரு. ஏன் அப்படிச் சொன்னன்னு அப்புறம் எத்தனையோ தடவை கேட்டுட்டேன், தோளைத்தான் குலுக்குதா.

அந்த ஆளு காதைக் குடைஞ்சுக்கிட்டு, "அது என்ன மீனு, கேள்விப்பட்டதே இல்லையே. நல்லா இருக்குமா? கேட்டுகிட்டக் கொண்டா, பாப்போம்"னு முன்னால நடக்காரு.

அம்மா வண்டியை எடுத்தா.

அப்பத்தான் காத்து வந்துச்சு. மேல பாத்தேன். ஆப்பு பிடிக்கல, ஒயரு வழுக்கிக்கிட்டு இறங்குது. ரெண்டு நாள் ஆகும்னு நினைச்சேனே, அரை மணி நேரங்கூடத் தாங்கல. ஒரு முழம். ரெண்டு முழம். கறுப்பு ஒயரு, வெயில் கண்ணைக் கூசுது, தெரிஞ்சவளுக்குத்தான் தெரியும். கழுத்து மட்டம். அம்மா வண்டி நேரா அதுக்கு வருது. கண்ணு அந்த ஆளு முதுகுல.

ஓடினேன். என்ன கத்தினேன்னு எனக்கே தெரியல. ரெண்டு கையாலயும் ஒயரைப் பிடிச்சுத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நடுத்தெருவுல நின்னேன், கம்பம் மாதிரி. வண்டி என் முட்டியில இடிச்சு நின்னுச்சு. மீன்பெட்டி சரிஞ்சு பாதி மீன் ரோட்டுல.

அம்மா மேல பாத்தா. என் கையைப் பாத்தா. ஒயரைப் பாத்தா. வாயசைச்சுக் கேட்டா, "காத்தா?"

"காத்துதாம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல?

அந்த ஆளு திரும்பி நின்னு, "என்னட்டீ கூத்து இது, யாரு யாருக்கு அம்மா?"ன்னு கேட்டாரு. எங்கம்மா மெதுவா வண்டியை ஸ்டாண்டு போட்டா. கழுத்துத் துண்டை அவுத்தா. அவுத்துக் கையில வெச்சுக்கிட்டு அந்த ஆளுக்கு முன்னால போய் நின்னா. நான்தான் ஒயரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே கத்தினேன். "அமலோற்பவம்! மீனு இல்லை ஓய், அவ பேரு! எங்கம்மா பேரு அமலோற்பவம்!"

தெருவுல எல்லா வீட்டுக் கதவும் திறந்துட்டு.

அந்த ஆளு அந்தக் கோட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. முருங்கை மரத்தைப் பாத்தாரு. வாயைத் திறந்தாரு, சத்தம் வரல. ஆளுக்கு ஆள் சமம், அப்ப ரெண்டு பேருக்கும் குரல் இல்லை.

அம்மா கையை நீட்டி வீட்டு உச்சியைக் காட்டினா. சுவத்தைத்தான் காட்டினேன்னு இப்பச் சொல்லுதா. எனக்கு எழுத்தைக் காட்டின மாதிரிதான் இருந்துச்சு. அப்படியே எடுத்துக்கிட்டேன்.

மரத்துல கட்டினதை அவுத்தேன். ஏணியை நகத்தி எலிவேஷன்ல சாத்தினேன். கொக்கிக்கு நல்ல இடம் கான்கிரீட் பீம்தான். பீம் எங்க இருக்கு? எழுத்துக்குப் பின்னால. உசரம் எங்க சரியா வருது? "ழ"வுல. நானாத் தேடிப் போகல. அளந்து பாத்தேன், அங்கதான் வந்துச்சு. சரி, ஒரு முழம் தள்ளிப் போட்டாலும் வந்திருக்கும். போடல.

டிரில் மிஷினைப் போட்டேன். அந்த ஆளு கீழ நின்னு ஏதோ சொன்னாரு. சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சின்னு கேட்டுக்கிட்டே அமுக்கினேன். "ழ" நாலு துண்டா உடைஞ்சு, தங்கக் கலரோட அந்தக் காரு பானட்டு மேல விழுந்துச்சு. பீம்ல ஓட்டை போட்டு, போல்ட்டை இறுக்கி, கொக்கியை மாட்டி, ஆப்பை நேரா இறக்கினேன். ஒயர்ல நாலு முறுக்கு. தண்ணி சொட்ட ஒரு தொங்கல். கொக்கியில என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பாத்தேன். அசையல.

இறங்கி வந்து நேரா அந்த ஆளுகிட்டப் போனேன். ரெண்டு வருஷமா வாயில வெச்சு மென்னதை அப்பத்தான் துப்பினேன். "எழுத்து உடைஞ்சிட்டுன்னு வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. காத்து மேல கேஸ் போடுங்க."

கேஸ் போடல. செல்வின் அண்ணன்கிட்டயும் புகார் சொல்லல. ரோட்டுல கிடந்த மீனைக் குனிஞ்சு பொறுக்கிப் பெட்டியில போட்டாரு. நான் விட்டிருக்க மாட்டேன், அம்மா விட்டுட்டா. அந்த எழுத்தை இன்னும் ஒட்டவும் இல்லை. போய்ப் பாருங்க, "தங்கப்பம் இல்லம்"னுதான் இருக்கு. பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க எல்லாம் அப்பம் வீடு, அப்பம் வீடுங்குது. அதைக் கேக்கும்போது எனக்கு ஆறுற மாதிரி இருக்கும். அப்புறம் அம்மா ஹாரன் அமுக்குவா, திரும்ப எரியும்.

அம்மாகிட்ட ஆப்பு விஷயத்தை இன்னும் சொல்லல. உங்ககிட்டத்தான் முதல்ல சொல்லுதேன். ஏன்னு தெரியல. காபி நல்லா இருந்துச்சு, அதனாலயா இருக்கும்.

அந்த லைனு ஆடியைத் தாண்டி நின்னுச்சு, உண்மைதான். மாசத்துக்கு ஒருதடவை போய் ஆப்பு லூசாயிருக்கான்னு ஏறிப் பாத்துட்டு வாரேன். அந்த ஆளுக்காக இல்லை, தெருவுல ஆளு போகும்லா. அம்மாவும் இப்ப அந்த வழியாத்தான் போறா. அவ்வளவுதான். அந்த ஆளை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். போற இடத்துல எல்லாம் என் வேலையை மெச்சினா நான் இளகிருவேன்னு நினைச்சா, அந்த நினைப்பைக் கொய்யா மரத்துல கட்டட்டும்.

காபி தீந்துட்டு. மரமா, சுவரா? ஆங், அப்படி வாங்க வழிக்கு. அந்த ஜன்னலுக்கு மேல, பீம் பாத்து ஒரே ஓட்டை. பெயிண்டு உதிராம டிரில்ல முதல்ல சின்ன பிட்டு போட்டுக்கிடுதேன். தூசி வரும், முந்தானையால மூக்கை மூடிக்கோங்க.

என்னக்கா? மிஷின் சத்தத்துல கேக்கல. இருங்க, நிறுத்துதேன்.

என்னைப் பத்தியா? என் பேரே அந்த ஆளுக்குத் தெரியாதே, அப்புறம் என்னன்னு சொல்லி என்னைத் தேடச் சொன்னாரு? யாரு மகள்னு சொன்னாரு?

மீன்காரி மகள்னு இல்லையா? அம்மா பேரைச் சொன்னாரா? முழுசாவா?

இன்னொரு தடவை சொல்லுங்கக்கா. காத்து அடிக்கு, காதுல விழல. சத்தமாச் சொல்லுங்க.